தாழ்த்திய போலோ ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது: எந்த மூலையைக் கழற்றுவது?

கேள்வி: என்னுடையது 2017ஆம் வருட ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. கோவையில் ஓட்டுகிறேன். முன்னும் பின்னும் 35 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் மாட்டினேன். அதே சமயம் இடது முன் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்ததால் அதை மட்டும் புதிதாகப் போட்டார்கள். 600 கி.மீ. ஓடிவிட்டது. இடது முன்பக்கம் தூக்கலாகத் தெரிகிறது. வீட்டு போர்ட்டிகோவில் நிறுத்தி, தரையிலிருந்து வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு) விளிம்பு வரை அளந்தேன்: முன் இடது 638, முன் வலது 624, பின் இடது 634, பின் வலது 630 மி.மீ. தரையில் கோளாறோ என்று வண்டியைத் திருப்பி நிறுத்தியும் அளந்தேன், அதே கணக்குதான். ஒர்க்‌ஷாப்பில் "ஓட ஓட உட்கார்ந்துவிடும், இல்லாவிட்டால் வலது முன் ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபர் வைத்துச் சரிசெய்துவிடலாம்" என்கிறார்கள். வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறது. பஃபர் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். இப்போதைக்கு எந்த ஸ்பிரிங்கையும் கழற்றவும் வேண்டாம். கோளாறு முன்பக்கமா பின்பக்கமா என்பதே இன்னும் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய நான்கு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அங்கிருந்தே தொடங்குவோம்.

முன்பக்கம் இடது வலது வித்தியாசம் 14 மி.மீ. பின்பக்கம் 4 மி.மீ. சமதளத்தில் நிற்கும் நல்ல காரில் இப்படி வராது. காரின் பாடி ஒரே விறைப்பான பெட்டி. இடது முன் ஸ்பிரிங் இருக்கை 10 மி.மீ. உயர்ந்துவிட்டது என்று வையுங்கள். அந்த மூலை மட்டும் 10 மி.மீ. எழும்பாது, பாடி முழுவதும் சேர்ந்து சாயும். நான்கு ஸ்பிரிங்கும் ஒரே விறைப்பு என்று தோராயமாகக் கணக்கிட்டால் இடது முன் 7.5 மி.மீ. ஏறும், வலது முன்னும் இடது பின்னும் 2.5 ஏறும், வலது பின் 2.5 இறங்கும். இப்போது கழித்துப் பாருங்கள். முன்பக்க வித்தியாசம் 5, பின்பக்க வித்தியாசமும் 5. ஒரு மூலையில் 10 மி.மீ. தப்பு நடந்தால் அது வண்டியின் இரு முனைகளிலும் பாதிப் பாதியாக, ஒரே அளவில், ஒரே பக்கச் சாய்வாகத்தான் தெரியும். ஸ்பிரிங் விறைப்பு முன்பின் மாறினாலும், ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) இருந்தாலும் அந்த 5 என்ற எண் கூடலாம், குறையலாம். ஆனால் முன் வித்தியாசமும் பின் வித்தியாசமும் சமமாகவே இருக்கும்.

அப்படியானால் உங்கள் 14க்கும் 4க்கும் நடுவில் இருக்கும் 10 மி.மீ. எங்கிருந்து வந்தது? ஸ்பிரிங்கால் அதை உண்டாக்க முடியாது. தரை முறுக்கியிருக்க வேண்டும், அல்லது ஃபெண்டர் விளிம்பு ஏறி இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

போர்ட்டிகோ தரையை யாரும் மட்டமாகப் போடுவதில்லை. தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துத்தான் போடுவார்கள். முழுத்தரையும் ஒரே சீராக ஒரு பக்கம் சரிந்திருந்தால் பெரிய கெடுதல் இல்லை. பாடியும் தரையோடு சேர்ந்து சரியும், அளவு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் மாறாது. மூலையில் இருக்கும் தண்ணீர்க் குழியை நோக்கி வாட்டம் இழுத்திருந்தால்தான் வம்பு. அப்போது நான்கு சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்காது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இருக்கும்.

வண்டியைத் திருப்பி நிறுத்தியது நல்ல யோசனை. சீரான சரிவு இருந்தால் அது காட்டிக் கொடுத்திருக்கும். முறுக்கை மட்டும் அது காட்டாது. திருப்பினால் இடது முன் சக்கரம் முன்பு வலது பின் சக்கரம் நின்ற இடத்துக்குப் போகிறது. வலது முன் சக்கரம் இடது பின் இடத்துக்குப் போகிறது. குறுக்கு ஜோடி மாறவே இல்லை. அதனால்தான் அதே எண்கள் திரும்ப வந்தன.

எனவே முதலில் அளவை ஒழுங்காக எடுப்போம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், ஒன்று போதும். 8 மீட்டர் குழாய், உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பவேண்டும். நான்கு சக்கரங்கள் நிற்கும் இடத்தையும் சாக்பீஸால் குறித்து, ஒவ்வொரு இடத்திலும் தரையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். குறுக்காக எதிரெதிர் மூலைகளைக் கூட்டிப் பார்க்கவேண்டும்: இடது முன் + வலது பின் ஒரு பக்கம், வலது முன் + இடது பின் மறுபக்கம். இரண்டு கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் தரை சரி. கூடினால், தாழ்ந்த இடத்தில் தேவையான கனத்துக்குத் தகடோ ப்ளைவுட் துண்டோ வைத்து அதன் மேல் சக்கரத்தை ஏற்றுங்கள். வீல் அலைன்மென்ட் கடையில் மட்டம் பார்த்து நிறுவிய ராம்ப் இருந்தால் அங்கேயே அளக்க அனுமதி கேட்பது இன்னும் எளிது.

அளக்கும் முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் அந்தச் சக்கரம் 5 மி.மீ. வரை தாழும். ஒரு டயர் புதிது, மற்றது தேய்ந்தது என்றாலும் அதே 5 மி.மீ. வந்துவிடும். டிக்கியிலும் சீட்டிலும் பொருள் எதுவும் இருக்கக்கூடாது. டிரைவர் சீட்டில் 75 கிலோ ஆள் உட்கார்ந்தாலே இந்த அளவுக் காரில் வலது பக்கம் 6 முதல் 8 மி.மீ. சாய்வு வரும். ஆகவே உள்ளே யாரும் இல்லாமல் அளக்கவேண்டும்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுவார்கள். ஜாக்கியில் ஏற்றி இறக்கிய வண்டியை அப்படியே அளக்கக்கூடாது. சக்கரம் தொங்கும்போது முன் சக்கரங்கள் உள்நோக்கி ஒடுங்கும். இறக்கியதும் டயரின் பிடிப்பு அவற்றை வெளியே விரியவிடாது. வண்டி 20 மி.மீ. கூடத் தூக்கலாக நிற்கும். ஐந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையிலும் நன்றாக அழுத்திவிட்டு, ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்து அளக்கவேண்டும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு அளவு எடுங்கள். தரையிலிருந்து சக்கர மையம் வரை ஒன்று. சக்கர மையத்திலிருந்து ஆர்ச் விளிம்பு வரை ஒன்று. முதல் அளவு டயரைச் சொல்லும்; ஒரே ஆக்ஸிலில் இடதும் வலதும் 2 மி.மீ.க்குள் வரவேண்டும். இரண்டாவதுதான் சஸ்பென்ஷன்.

முன் ஃபெண்டரை நம்பாதீர்கள். அது போல்ட்டில் மாட்டிய தகடு. எப்போதாவது இடித்து டிங்கர் பார்த்திருந்தால் 3 முதல் 5 மி.மீ. இடம் மாறியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பின் ஆர்ச் பாடியோடு வெல்டிங் ஆனது என்பதால் அதற்கு நம்பகம் அதிகம். சந்தேகம் தீர, பக்கவாட்டு சில்லின் (கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பு) அடியில் ஜாக்கி வைக்கும் நான்கு இடங்களிலிருந்தும் தரைக்கு அளந்து பாருங்கள். அங்கே முன்னும் பின்னும் ஒரே சாய்வு வந்து, ஆர்ச்சில் மட்டும் வராவிட்டால், ஃபெண்டர்தான் உங்களை ஏமாற்றுகிறது.

இதையெல்லாம் செய்த பிறகு உங்கள் வண்டியின் உண்மையான சாய்வு பெரும்பாலும் 14 ஆகவும் இருக்காது, 4 ஆகவும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் 9 மி.மீ. வாக்கில் வரும் என்பது என் கணிப்பு. கம்பெனியிலிருந்து வரும் வண்டியிலேயே 5 மி.மீ. சாய்வு சாதாரணம். மறு அளவில் 5க்குள் வந்தால் கதவை மூடிவிட்டு ஓட்டுங்கள், வேலையே இல்லை. 9 வந்தால் மேலே படியுங்கள்.

முன்னா, பின்னா?

சாய்வு இரு முனைகளிலும் ஒரே அளவில் தெரியும் என்று மேலே பார்த்தோம். ஆகவே டேப் வைத்து எத்தனை முறை அளந்தாலும் கோளாறு முன் ஆக்ஸிலிலா பின் ஆக்ஸிலிலா என்று தெரியாது. இடது முன் தூக்கலாகத் தெரிகிறது என்பதற்காக இடது முன் ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) கழற்றுகிறார்கள். தப்பு பின்பக்க ஸ்பிரிங் ரப்பரில் இருக்கும். இரண்டு முறை லேபர் கொடுத்த பிறகும் வண்டி அதே சாய்வில் நிற்பது இதனால்தான்.

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். வண்டியையும் மூன்று காலில் நிறுத்திவிட்டால் விடை கிடைத்துவிடும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கட்டை வைத்த பிறகு ஹேண்ட்பிரேக் வேண்டாம். ட்ராலி ஜாக்கியை முன் சப்ஃபிரேமின் (என்ஜினுக்கு அடியில் குறுக்காக இருக்கும் சட்டம்) நட்ட நடுவில் கொடுங்கள். ஆயில் சம்ப்பில் படக்கூடாது. ஜாக்கித் தலைக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே 5 செ.மீ. அகலமுள்ள கெட்டியான மரத்துண்டு வைத்தால் பாடி இடம் வலமாகச் சாய வழி கிடைக்கும். முன் டயர்கள் இரண்டும் தரையைவிட்டு 5 மி.மீ. எழும்பும் வரை மட்டும் தூக்குங்கள். பாதுகாப்புக்கு இருபுற சில்லின் அடியிலும் ஒவ்வொரு பழைய வீலைப் படுக்கப் போட்டு வைக்கவேண்டும். ஸ்டாண்டு கொடுத்தால் சாய்வு தடைபட்டுவிடும் என்பதால் அது இங்கே இல்லை. அதனாலேயே வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக்கூடாது. பின்பக்கத்தை நான்கு முறை அழுத்திவிட்டு, பின் சக்கரங்களில் மையத்திலிருந்து ஆர்ச் வரை அளந்துகொள்ளுங்கள்.

இந்த நிலையில் முன் ஸ்பிரிங்குகள் பாடியைத் தாங்கவில்லை. பின்பக்கச் சாய்வு ஏறத்தாழ மறைந்துவிட்டால் கோளாறு முன்பக்கம். சாய்வு அப்படியே இருந்தால், குறிப்பாகக் கூடினால், கோளாறு பின்பக்கம். பாதி குறைந்தால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. தரை முறுக்கு இருந்தாலும் இந்தச் சோதனையைக் கெடுக்காது என்பது கூடுதல் வசதி. பின்பக்கத்தைத் தூக்கி இதையே மறுபடி செய்யத் தேவையில்லை. போலோவில் அங்கே நடுவில் ஜாக்கி கொடுக்கத் தகுந்த இடமும் இல்லை. டார்ஷன் பீமின் (பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) நடுவிலோ ஸ்டெப்னி குழியின் அடியிலோ கொடுத்து வளைத்துவிடாதீர்கள்.

பஃபர் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. கோளாறு உண்மையில் இடது பின்பக்கம் என்று வையுங்கள். வலது முன்பக்கம் பஃபர் வைத்துத் தூக்கினால் வண்டி மட்டமாகிவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் இடது பின், வலது முன் ஆகிய குறுக்கு ஜோடி இரண்டு தப்பின் சுமையையும் சேர்த்துத் தாங்கும். 9 மி.மீ. சாய்வை உண்டாக்க ஒரு மூலையில் ஏறத்தாழ 18 மி.மீ. தப்பு வேண்டும். அதனால் ஒவ்வொரு சக்கரத்திலும் 12 முதல் 15 கிலோ சுமை ஏறவோ இறங்கவோ செய்திருக்கும். தப்பான ஆக்ஸிலில் பஃபர் வைத்தால் அது 25 முதல் 30 கிலோ ஆகும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே மட்டும் 50 கிலோவுக்கு மேல் வித்தியாசம்! மழையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் சுமை குறைந்த பக்கம் ஏபிஎஸ் முன்னதாகவே துடிக்கும். போதாக்குறைக்கு பஃபர் ஒரு சுருளை வேலை செய்யவிடாமல் பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்க ஸ்பிரிங் மட்டும் விறைத்துவிடும்.

"ஓட ஓட உட்காரும்" என்பதும் பாதி உண்மைதான். புது ஸ்பிரிங் முதல் 500, 1000 கி.மீ.யில் சில மில்லிமீட்டர் இறங்கும். இரு பக்கமும் சேர்ந்துதான் இறங்கும். 600 கி.மீ.க்குப் பிறகும் இருக்கும் சாய்வு தானாகப் போகாது.

முன்பக்கம் என்று தெரிந்தால்

போலோவில் முதலில் பார்க்கவேண்டியது ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி. ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் ஸ்ட்ரட்டின் கீழே பிராக்கெட் இருக்கும், இரண்டு போல்ட்டில், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு மாட்டும். அதில் உயரம் தவற வழியே இல்லை. போலோவில் அப்படி இல்லை. ஸ்ட்ரட்டின் குழாய், வீல் பேரிங் ஹவுசிங்கின் பிளவுபட்ட வளையத்துக்குள் மேலிருந்து இறங்கி, ஒரு குறுக்குப் போல்ட்டால் இறுக்கப்படுகிறது. அந்த வளையத்தை விரிக்கத் தனிச் சாவி உண்டு. அதை வைத்து விரிக்காமல் சுத்தியலால் அடித்து இறக்கினாலோ, உள்ளே துரு இருந்தாலோ, குழாய் கடைசி வரை போகாமல் பாதியில் நின்றுவிடும். 10, 15 மி.மீ. மேலே நின்றால் அந்த மூலையின் ஸ்பிரிங் இருக்கை அவ்வளவு உயர்ந்துவிடும். உங்கள் வண்டியில் இடது முன் ஷாக் மட்டும் புதிது என்கிறீர்கள். முதல் சந்தேகம் அங்கேதான். கழற்றாமலே பார்க்கலாம்: ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி, ஸ்பிரிங் தட்டின் அடி விளிம்பிலிருந்து ஹவுசிங்கின் மேல் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்தால் ஒரே எண் வரவேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறெதையும் தேடவேண்டாம். வளையத்தை விரித்து, உள்ளே எமரி போட்டு, ஸ்ட்ரட்டின் நாக்கு பிளவுக்குள் நேராக வரும்படி கடைசி வரை இறக்கவேண்டும். பழைய ஷாக்கும் புதிய ஷாக்கும் ஒரே கம்பெனி இல்லையென்றால் ஸ்பிரிங் தட்டு வெல்டிங் ஆகியிருக்கும் உயரமே மாறலாம். ஆகவே ஷாக்கின் பார்ட் நம்பரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்பிரிங்கின் வால். அடித்தட்டில் ஒரு படி இருக்கும். கம்பியின் முனை அந்தப் படியை ஒட்டி, 5 மி.மீ.க்கு மேல் இடைவெளி இல்லாமல் உட்காரவேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கும்போது அது சுழன்று, முனை படியின் மேலேயே ஏறிவிட்டால், கம்பியின் கனத்துக்கு, அதாவது 10, 12 மி.மீ.க்கு, அந்த மூலையின் ஸ்பிரிங் உயரும். மேலே இருக்கும் ரப்பர் இருக்கை மடங்கியிருந்தாலும், பழையதையும் புதியதையும் சேர்த்து இரண்டாகப் போட்டிருந்தாலும் 5 முதல் 8 மி.மீ. கிடைக்கும். டார்ச் அடித்து வீல் ஆர்ச்சுக்குள் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் புது ஷாக் என்பதற்கே ஒரு விலை உண்டு. கேஸ் நிரப்பிய ஷாக்கின் தண்டு எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். 100 முதல் 150 நியூட்டன் தள்ளினால், மி.மீ.க்கு 28 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கில் அது 4 முதல் 5 மி.மீ. உயரம். புது இடது ஷாக் தள்ளுகிறது. கேஸ் போன பழைய வலது ஷாக் தள்ளவில்லை. கூடவே மேல் மவுண்ட்டையும் இடது பக்கம் மட்டும் மாற்றியிருந்தால், பழைய மவுண்ட்டின் அழுந்திய ரப்பர் வலது பக்கம் இன்னும் 3 மி.மீ. தாழ்த்தும். இவை தனித்தனியாகச் சிறியவை, எல்லாம் ஒரே திசையில் கூடுகின்றன. ஷாக்கும் மவுண்ட்டும் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். வலது பக்கத்துக்கும் வாங்கிவிடுங்கள்.

பம்ப் ஸ்டாப்பையும், அதாவது ஷாக் முழுதாக அமுங்கி முட்டாமல் தண்டில் இருக்கும் ரப்பரையும், கவனியுங்கள். 35 மி.மீ. இறக்கிய வண்டியில் ஷாக் உடலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஸ்பிரிங் பெட்டியில் வரும் தாளில் பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு வெட்டவேண்டும் என்று போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் மறந்திருந்தால், வெட்டாத பக்கம் வண்டி ஸ்பிரிங்கில் நிற்காமல் ரப்பரில் நிற்கும். தெரிந்துகொள்ள, தண்டில் ஒரு கேபிள் டை கட்டி ஷாக் உடலை ஒட்டித் தள்ளிவிட்டு தெருவில் ஒரு சுற்று ஓட்டுங்கள். பம்ப் ஸ்டாப்பில் அது போய் முட்டியிருக்கும் ஆழம் இரு பக்கமும் ஒன்றா என்று பார்க்கலாம்.

ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு எளிய சோதனை. வண்டி சக்கரத்தில் நிற்கும்போது ஒரு பக்க லிங்க்கின் நட்டைக் கழற்றுங்கள். லிங்க் கையால் வெளியே வந்து, கையால் திரும்பப் போனால் பார் விறைப்பின்றி இருக்கிறது. கம்பி போட்டு நெம்பினால்தான் வருகிறது என்றால் இரு லிங்க்கும் ஒரே நீளமில்லாமல் இருக்கலாம், அல்லது ஒன்று வளைந்திருக்கலாம்.

லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) புஷ்தான் பெரும்பாலானோர் கண்டுகொள்ளாத இடம். இந்த ரப்பர் புஷ் சுழலும் பேரிங் இல்லை. உள்குழாய், ரப்பர், வெளிக்குழாய் மூன்றும் ஒட்டியவை. போல்ட்டை இறுக்கிய கோணத்தில் உள்குழாய் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஒரு சின்ன ஸ்பிரிங்காகத் தள்ளும். டூ போஸ்ட் லிஃப்ட்டில் சக்கரம் தொங்க இறுக்கினால், வண்டி இறங்கும்போது புஷ் பத்து டிகிரிக்கு மேல் முறுக்கி அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். இரு பக்கமும் அப்படிச் செய்தால் இரண்டும் சமமாகத் தூக்கும். சாய்வு தெரியாது, ரப்பர் மட்டும் சீக்கிரம் கிழியும். ஒரு பக்கப் போல்ட்டை மட்டும் தொட்டிருந்தால்தான் சாய்வு. ஷாக் மாற்றிய இடது பக்கத்தில் ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தினார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் போல்ட் தலையில் புது ஸ்பானர் தடம் இருக்கிறதா என்று பாருங்கள், அது பொய் சொல்லாது.

தீர்வு எளிது. நாலு தூண் ராம்ப்பிலோ பிட்டிலோ, சக்கரம் நான்கும் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போது, இரு பக்க ஆர்ம் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியை உருட்டி அழுத்திவிட்டு, மீண்டும் இறுக்கவேண்டும். பிட் இல்லாத இடத்தில், முன்பக்கத்தை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஹவுசிங்கின் அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கர மையம் முதல் ஆர்ச் வரை தரையில் நின்றபோது இருந்த அதே அளவு வரும்வரை தூக்கி இறுக்கலாம். ஃபோக்ஸ்வாகனில் இந்தப் போல்ட்டுகளில் பெரும்பாலானவை டார்க் (குறித்த இறுக்கம்) வைத்த பிறகு மேலும் குறிப்பிட்ட கோணம் திருப்பும் வகை. ஒருமுறை இழுபட்டவை, திரும்பப் போடக்கூடாது. புது போல்ட் வாங்கி, சர்வீஸ் மேனுவலில் உங்கள் மாடலுக்குப் போட்டிருக்கும் எண்ணுக்கு இறுக்கச் சொல்லுங்கள். வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர்.

பின்பக்கம் என்றால்

வேலை சுலபம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. ஸ்பிரிங் டார்ஷன் பீமுக்கும் பாடிக்கும் நடுவே, மேலும் கீழும் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கும். கீழ் ரப்பரின் பள்ளத்தில் கம்பி முனை சரியாக இருக்கிறதா, மேல் ரப்பர் பாடியின் முளையில் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். லோயரிங் ஸ்பிரிங் நீளம் குறைவு, ஷாக் பழைய நீளம். அதனால் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து சுழன்றுவிடும், இறக்கும்போது தாறுமாறாக உட்காரும். பங்க்சர் போட்டுவிட்டு வந்த நாள் முதல் சாய்வு வந்தது என்பவர்கள் கதை இதுதான். பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். சுழன்றால், தாழ்த்திய வண்டிக்கான நீளம் குறைந்த ஷாக் இரண்டு வாங்காமல் இது தீராது. பீமை பாடியோடு பிடிக்கும் இரண்டு பெரிய புஷ்களுக்கும் மேலே சொன்ன அதே விதி பொருந்தும்.

இவ்வளவும் சரியாக இருந்து சாய்வு மட்டும் நின்றால் ஸ்பிரிங்கையே சோதிக்கலாம். முன் ஸ்பிரிங் ஒன்று தாங்குவது ஏறத்தாழ 300 கிலோ. அது 100 மி.மீ.க்கு மேல் அமுங்கி நிற்கிறது. விறைப்பில் 5 சதவீதம் கூடுதல் குறைவு என்பது ஸ்பிரிங் தயாரிப்பில் சகஜம், அதுவே 5 மி.மீ. ஆகிவிடும். ஆகவே கழற்றித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பது எதையும் நிரூபிக்காது. இடது வலதாக மாற்றி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங், மாறாவிட்டால் இல்லை. மாற்றும்போது கம்பியில் அச்சிட்டிருக்கும் எண் இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். ஜெர்மன் தயாரிப்புகளில் எண்ணின் கடைசியில் விஏ என்றிருந்தால் முன்பக்கம், ஹெச்ஏ என்றிருந்தால் பின்பக்கம். டீசல் என்ஜின் கனம் என்பதால் டீசல் டிடிஐக்கும் பெட்ரோல் டிஎஸ்ஐக்கும் முன் ஸ்பிரிங் வேறாக இருக்கலாம். பெட்டிக்குள் ஒன்று மாறி வந்துவிட்டால் கடைக்காரரிடம் மாற்றிக் கேட்க அந்த எண்ணே போதும். எழுத்துகள் நேராகப் படிக்க வரும்படி மாட்டுவதே பெரும்பாலான ஸ்பிரிங்குகளுக்குச் சரியான திசை.

இடது பக்கம் இழுப்பதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். நம் சாலைகள் இடது ஓரம் நோக்கிச் சரிந்தவை, கொஞ்சம் இழுப்பது இயற்கை. அதற்கு மேல் இழுப்பது உயரம் மாறியதால் டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) கெட்டுப்போனதாக இருக்கும். தாழ்த்தியதும் ஸ்டியரிங் டை ராடின் கோணம் மாறுகிறது, இடதும் வலதும் வேறு உயரத்தில் இருந்தால் வேறு வேறு அளவில் மாறுகிறது. உயரம் சரியான பிறகு, கடைசி வேலையாக, அலைன்மென்ட் பாருங்கள். இப்போதே செய்தால் அந்தக் காசு வீண். அதன் பிறகும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் பார்க்கலாம். சுழலும் திசை குறித்த டயராக இருந்தால் சோதனைக்கு மட்டும். ஹெட்லைட் உயரத்தையும் அதே நாளில் சரிபார்த்துவிடுங்கள்.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங் நான்கையும் ரப்பர்களையும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் அசல் நிலைக்குத் திரும்ப வேண்டியிருந்தால் அவை தேவைப்படும்.